ஏழாம் அறைக்காரரும் சாவிக்காரரின் வயிற்றெரிச்சலும்

முடிதிருத்தும் கடையில் அவருக்கு மட்டும் வரிசை கிடையாது. உள்ளே காலெடுத்து வைத்ததும் கடைக்காரர் நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, "வாங்கண்ணே. என்ன சொல்றாரு உங்க ஆளு?" என்பார். முறைக்காகக் காத்திருப்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக்கொள்வார்கள்.

உங்கள் ஆள் என்று கடைக்காரர் சொன்னது மகனையோ மருமகனையோ அல்ல. அரசு மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டில் ஏழாம் அறையில் இருந்தவரை. ஒன்பது வருடங்களுக்கு முன் தன் அறைத்தோழரைக் கொன்று, உடலின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டவர் அவர். ஊரே அவரைப் பத்திரிகைகள் வைத்த பெயரால் அழைத்தது. வார்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. ஆகவே எல்லோருக்கும் அவர் 'ஏழு'.

அந்த ஏழின் கதவுக்குச் சாவி வைத்திருந்த வார்டு உதவியாளர்தான் நம்மவர். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், லேசான சர்க்கரை. இருபது வருடம் இடுப்பில் சாவிக்கொத்தைச் சுமந்ததில், வேலை முடிந்து அதை வாசலில் ஒப்படைத்த பிறகும் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்தேதான் நடக்கும். டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அவரைச் 'சாவி' என்றே அழைத்தார்கள். தொலைபேசியில் மனைவிகூட ஒருமுறை, "சாவி இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

ஏழு செய்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிச் சொல்வதற்குப் பத்திரிகைகள் இருந்தன, அவை தங்கள் கடமையைக் குறைவில்லாமல் செய்தன. அவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். ஒரே அறையில் நான்கு வருடம் அவரோடு தங்கியிருந்தவர் புத்தகம் பைண்டு செய்பவர். ஒருநாள் பைண்டர், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்றார். ஏழின் காதுக்குள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே குரல்கள் பேசிக்கொண்டிருந்தன. நண்பனைப் பிடித்துப் போக ஆட்கள் வருகிறார்கள், அவனை ஒளித்து வைக்கப் பத்திரமான இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று அவை சொல்லின. ஏழு ஒளித்து வைத்தார். போலீஸ் வந்தபோது அவர் ஓடவில்லை. "சத்தம் போடாதீங்க, அவன் தூங்குறான்" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

வழக்கு நடந்தபோது அரசு வக்கீல்கள் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். மனிதனை மனிதன் தின்றால் என்ன தண்டனை என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. சட்டம் எழுதிய பெரியவர்கள் மாட்டைத் திருடுவது, எல்லைக் கல்லை நகர்த்துவது எல்லாவற்றையும் யோசித்தவர்கள், இதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எழுதக் கூச்சப்பட்டிருப்பார்கள். கடைசியில் கொலை, பிணத்தை அவமதித்தல் என்று இரண்டு பிரிவுகளோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. செயல் நிரூபணமானது. ஆனால் செய்தபோது சித்தம் கலங்கியிருந்தது என்று இரண்டு தரப்பு மருத்துவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே சிறை இல்லை, பூட்டிய வார்டு. எத்தனை வருடம் என்று கணக்கில்லை. வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழு கூடும். செய்தது என்னவென்று இவருக்குத் தெரிகிறதா, இன்னும் ஆபத்தானவரா, எங்கே வைக்கலாம் என்று கேட்டு முடிவு செய்யும்.

மாத்திரைகள் வேலை செய்தன. இரண்டாவது வருடமே குரல்கள் அடங்கின. அடங்கிய பிறகு மிச்சமிருந்த மனிதரைப் பார்த்தால் முடிதிருத்தும் கடைக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குவார். பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வார். பேச்சோ மகா சிக்கனம். 'சரிண்ணே', 'போதும்ணே', 'வேண்டாம்ணே', இவ்வளவுதான் ஒன்பது வருடத்தில் சாவிக்குக் கிடைத்த சொத்து. இதை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொல்ல முடியும்? சாவி கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். ஏழு ஜன்னல் வழியாகத் தன்னை ஒரு மாதிரி பார்த்ததாக. தான் திருப்பிப் பார்த்ததும் தலை குனிந்ததாக. நோயாளியைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று விதி உண்டு. பொய் சொன்னதால் தான் விதியை மீறவில்லை என்று சாவி நினைத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார். வந்த முதல் வாரமே வார்டுச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'தலையைத் தின்னாதே, உயிரை வாங்காதே, கடித்துக் குதறிவிடுவேன் போன்ற சொற்களைப் பணியாளர்கள் நோயாளிகள் முன் பயன்படுத்த வேண்டாம்.' அடுத்த இரண்டு நாட்கள் வார்டில் யாருக்கும் பேச்சே வரவில்லை. அன்றாடம் பேசுவதில் பாதி அதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்கு அவர் ஏழோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். சாவி கண்ணாடிக்கு வெளியே ஸ்டூலில். முதல் மூன்று வாரம் ஏழின் உதடு அசையவில்லை. சாவிக்கு மனம் குளிர்ந்தது. நான்காவது வாரம் அசைந்தது. ஐந்தாவது வாரம் கைகளும் சேர்ந்துகொண்டன, காற்றில் ஏதோ மிஷினைப் பிரித்து மாட்டிக் காட்டினார். ஏழாவது வாரம் ஏழு அழுதார். டாக்டரம்மா காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அன்று சாவி வீட்டில் சாப்பிடவில்லை.

"ஒன்பது வருஷம் நான் கதவு திறந்து விட்டிருக்கேன். காய்ச்சல் வந்தப்ப நெத்தியில துணி போட்டிருக்கேன். எனக்கு மூணு வார்த்தை. நேத்து வந்தவளுக்கு ஒரு மணி நேரம்" என்றார்.

சீருடைக் கடையில் தையல் வேலை செய்யும் மனைவி, வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்ப உங்களுக்குச் சக்களத்தி வந்துட்டா."

இரண்டு பெண்களும் அடுக்களையில் சிரித்த சத்தம் கேட்டது. சாவிக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி சொன்னது வேடிக்கைப் பேச்சு என்றாலும், அவருக்கு நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே எரிந்ததற்கு வேறு பெயரும் இல்லை. மருந்துக் கடையில் அமிலத்துக்கு மருந்து வாங்கிக் குடித்துப் பார்த்தார். கேட்கவில்லை.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. ஏழைப் பற்றி டாக்டரம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். வருடத்தில் ஒரே ஒரு நாள், மார்ச் பத்தொன்பதாம் தேதி, ஏழு எதுவும் சாப்பிட மாட்டார். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஏன் என்று சாவிக்குத் தெரியாது. தேதி மட்டும் மறக்காது. அது அவருடைய கல்யாண நாள். அன்று விடுப்புக் கிடைக்கவில்லை என்று வருடா வருடம் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிற நாள். இதை அவர் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. முடிதிருத்தும் கடையில்கூடச் சொல்லவில்லை. தனக்கென்று ஒன்றாவது வேண்டாமா?

வார்டு நோட்டிலும் இது இல்லை. அதற்குக் காரணம் வேறு.

பூட்டிய வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நோட்டு உண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். எட்டு மணி முதல் இரண்டு மணி வரை ஒரு ஷிப்டுக்கு இருபத்து நான்கு வரிகள். எல்லா வரியிலும் ஒரே சொல்: அமைதி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்: உண்டார். ஒரே சொல்லை இருபத்து நான்கு முறை நடந்து நடந்து எழுதுவது மனிதனால் ஆகிற காரியமா? எட்டு மணிக்கு வந்ததும் ஷிப்டு முழுவதற்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் எல்லோரும் டீக்கே போவார்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பது இதைத்தான். சாவி இதில் கலைஞர். இரண்டு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதுவார். நடுவில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் அடித்தல் திருத்தல் போடுவார். பார்க்கிறவருக்கு அந்த நோட்டில் காலம் நகர்வது கண்கூடாகத் தெரியும். நோயாளியைப் பார்ப்பதில் அவர் குறை வைத்ததில்லை. பார்த்ததை எழுதியதில்லை, அவ்வளவுதான்.

மறுஆய்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது செய்தி கசிந்தது. ஏழைத் திறந்த வார்டுக்கு மாற்றலாம் என்று டாக்டரம்மா எழுதிவிட்டாராம். மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது திறந்த வார்டு. பகலில் கதவுக்குப் பூட்டு கிடையாது. தையல் கூடம் உண்டு, பழுதான மிஷின்கள் உண்டு. அதற்கு வேறு உதவியாளர், எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர்.

"நான் வளர்த்த ஆளு, அந்தச் சீட்டிக்காரன்கிட்டயா?" என்றார் சாவி வீட்டில்.

"என்னங்க, பொண்ணு கட்டிக் குடுக்கற மாதிரி பேசுறீங்க" என்றார் மனைவி.

அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நோட்டைத் திறந்தார். அமைதி, அமைதி, அமைதி என்று எழுதிக்கொண்டே வந்தவரின் பேனா பதினொன்றே காலில் நின்றது. பிறகு எழுதியது: 'டாக்டரின் மணிக்கட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.' உதட்டை நக்கினார் என்று சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கொஞ்சம் அதிகம் என்று விட்டுவிட்டார். ரசனை உள்ள மனிதர். பதினொன்றரைக்கு மறுபடி அமைதி. நோட்டை மூடிவிட்டு, ஒன்பது மணிக்குத் தீயணைப்புப் பயிற்சி வகுப்புக்குப் போனார். அது ஒரு மணி வரை நீடித்தது. திரும்பி வந்தபோது ஷிப்டு முடிகிற நேரம். அன்று வார்டில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. என்ன நடந்திருக்கும், நோட்டில் எழுதியதுதானே நடந்திருக்கும்.

மறுஆய்வு மருத்துவமனை அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. நீள மேசை, மூன்று தண்ணீர் ஜாடிகள், பாதி வேலை செய்யும் மின்விசிறி. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. இரண்டு பக்கமும் ஒவ்வோர் உறுப்பினர். பின்வரிசையில், ஒவ்வொரு வருடமும் போல, பைண்டரின் தங்கை. பேருந்து நடத்துனர். ஷிப்டிலிருந்து நேராக வருவதால் காக்கிச் சீருடையிலேயே இருப்பார். ஒன்பது வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வருவார், கேட்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

முதலில் எல்லாம் டாக்டரம்மா எழுதியபடியே போயிற்று. குரல்கள் இல்லை. செய்ததை அவரே தன் வாயால் சொல்கிறார், யார்மீதும் பழி போடவில்லை. ஒன்பது வருட நோட்டில் ஒரு வன்முறைச் சம்பவம்கூட இல்லை. தலைவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். அப்போது அரசு வக்கீல் எழுந்து, கடைசி மாதத்து நோட்டில் ஒரு வரியை மட்டும் படித்துக் காட்ட விரும்புவதாகச் சொன்னார். மணிக்கட்டு வரியைப் படித்தார்.

எல்லோர் கண்ணும் டாக்டரம்மாவின் கைக்குப் போனது. அவர் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. சாவிக்கு அது தேனாக இனித்தது.

ஏழுக்காக வாதாடிய சட்ட உதவி வக்கீலுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோப்பைப் புரட்டியவர், ஒரு சிறிய மஞ்சள் சீட்டை எடுத்தார். பல் மருத்துவப் பிரிவுச் சீட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் வீங்கி, பத்து ஐம்பதிலிருந்து பதினொன்றே முக்கால் வரை ஏழு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்கிறார். அன்று டாக்டரம்மாவோடு சந்திப்பே நடக்கவில்லை.

"அந்த நேரத்துல அவர் வாய்க்குள்ள பல் டாக்டரோட ரெண்டு விரல் இருந்திருக்கு. பத்திரமாத் திரும்பி வந்திருக்கு" என்றார் வக்கீல், தும்மலுக்கு நடுவே.

தலைவர் சாவியைக் கூப்பிட்டார். நோட்டு அவர் முன் வைக்கப்பட்டது. தப்பிக்க வழி இருந்தது. நாள் மாறி எழுதிவிட்டேன், போன வாரம் பார்த்தது என்று சொன்னால் போதும். வரியும் நிற்கும், நோட்டும் நிற்கும், வேலையும் நிற்கும், ஏழும் பூட்டிய வார்டிலேயே நிற்பார். சாவியின் வாயில் அந்த வாக்கியம் தயாராக உட்கார்ந்திருந்தது.

அதற்குள் ஏழு கையைத் தூக்கினார்.

"ஐயா, நான் ஒருவேளை பாத்திருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. அண்ணன் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும். அவர் பொய் எழுத மாட்டார்."

ஒன்பது வருடத்தில் ஏழு அவரைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. சாவி நோட்டைப் பார்த்தார். ஏழைப் பார்த்தார். வாயில் இருந்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"பொய்தாங்கய்யா" என்றார். "காலையில எட்டு மணிக்கே எழுதுனது. அன்னிக்கு நான் அந்தப் பக்கமே போகல."

"ஏன் எழுதினீங்க?"

"வயித்தெரிச்சல்ங்கய்யா. அந்தம்மாகிட்ட பேசுறாரு. என்கிட்ட பேசல."

விசாரணையை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா இதை எப்படிப் பதிவு செய்வது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார். அரசு வக்கீலோ பிடித்துக்கொண்டார். இந்த ஒரு வரி மட்டும்தான் முன்கூட்டி எழுதப்பட்டதா என்று கேட்டார். எல்லாமே என்றார் சாவி. எத்தனை வருடமாக? சேர்ந்த நாளிலிருந்து. அப்படியானால் ஒன்பது வருட அமைதியும் எட்டு மணி அமைதிதானே, அதை நம்பி இவரை எப்படி வெளியே அனுப்புவது என்றார் வக்கீல். நியாயமான கேள்வி. தான் தள்ளிவிட்ட கல் ஏழின் காலில் போய் விழுந்ததைச் சாவி அப்போதுதான் பார்த்தார். டாக்டரம்மாவின் அறிக்கையில் பாதி அந்த நோட்டின்மேல்தான் நின்றது.

தலைவர் நோட்டை மூடி ஓரமாகத் தள்ளினார். "இதை விடுங்க. ஒன்பது வருஷம் கண்ணால பாத்தீங்கல்ல? பாத்ததைச் சொல்லுங்க."

சாவி சொன்னார். முட்டை, பல்லி, காய்ச்சல், மூன்றாம் அறைக்காரர் அறைந்தபோது ஏழு திருப்பிக் கை ஓங்காமல் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டது. எந்த நோட்டிலும் இல்லாதவை. தேதியும் கிழமையுமாகக் கால் மணி நேரம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அவர் பேனா ஓடுவதைப் பார்த்ததும் சாவிக்கு நாக்கு தடுக்கியது. சொல்ல வேண்டியதில் இனி ஒன்றுதான் பாக்கி. அது அவருடையது. ஏழு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வருஷத்துல ஒரு நாள் சாப்பிட மாட்டாருங்கய்யா. மார்ச் பத்தொன்பது. தண்ணிகூடக் குடிக்க மாட்டார். நோட்டுல உண்டார்னுதான் இருக்கும். அது நான் எழுதுனது. ஒன்பது வருஷமும் தட்டு அப்படியே திரும்பிப் போச்சு."

தேதி எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டார் தலைவர். கல்யாண நாள் என்றார் சாவி. கணவன் ஒருவன் கல்யாண நாளை நினைவில் வைத்திருந்ததால் சட்டத்துக்கு உபகாரம் விளைந்தது, குழு அறிந்தவரை, அதுவே முதல் முறை.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. காக்கிச் சீருடைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"அது எங்க அண்ணன் பொறந்த நாள்" என்றார்.

அவர் ஏழைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் பட்டினி கிடந்தா அவன் வந்துடுவானா? நான் மன்னிக்கல. அதை எழுதிக்கங்க." உட்காரப் போனவர், பாதியில் நின்று, "அந்தத் தேதியை ஞாபகம் வச்சிருக்கறது நான் ஒருத்திதான்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

குழு உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. நோட்டை ஆதாரமாக ஏற்க முடியாது. ஆனால் சாட்சியம் சொன்னவர் தனக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தே சொன்னதால் அதை ஏற்கலாம். யாரும் கேட்காமல், யாரும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் ஒன்பது வருடம் ஒருவர் ஒரு தேதியைக் கடைப்பிடிப்பது, செய்தது என்னவென்று அவருக்குத் தெரியும் என்பதைக் காட்டுகிறது. ஆறு மாதச் சோதனையாகத் திறந்த வார்டு. பூட்டிய வார்டின் எல்லா நோட்டுகள்மீதும் தனி விசாரணை. சாவிக்காரர் சாவிகளை ஒப்படைத்துவிட்டு மறு உத்தரவு வரும்வரை சலவைப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும்.

கடைசி உத்தரவு சாவியின் காதில் சரியாக விழவில்லை. அவர் அப்போது டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் பத்தொன்பது என்ற சொல் விழுந்த கணத்திலிருந்து அந்த முகம் மாறியிருந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமைகள், இத்தனை காகிதக் கைக்குட்டைகள், ஏழு அவரிடம் இதைச் சொல்லவில்லை. புருவத்துக்கு நடுவே ஒரு சின்ன முடிச்சு, உதட்டோரத்தில் ஓர் இழுப்பு. அதைச் சாவி சில மாதங்களாகத் தினமும் சவரக் கண்ணாடியில் பார்த்து வந்திருக்கிறார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

வராந்தாவில் டாக்டரம்மா அவரைப் பிடித்துவிட்டார். கோபமாகப் பேசுவார் என்று சாவி எதிர்பார்த்தார். அவரோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கெஞ்சலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு குரலில் கேட்டார்.

"அவரைப் பத்தி வேற என்னண்ணே தெரியும் உங்களுக்கு?"

இன்னும் ஒன்று தெரியும். சின்ன விஷயம்தான். யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

"அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு, சலவைப் பிரிவு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.